நெப்போலியன் சரிதம்: இடித்துரைப்பாரை இழந்த பேரரசன்

உலகில் கீழோர் கெடுதலைக் கண்டு நாம் பெரிதும் வியப்பதில்லை. தீமையே தொழிலாக உடையவன் ஒருவன் அழிந்தான் என்று கேட்பின், விதைத்தது விளைந்தது என்று அமைகின்றோம். ஆனால், அறிவும் ஆற்றலும் ஊக்கமும் ஒருங்கே வாய்ந்த ஒருவன், தன் அகத்தே வளர்ந்த ஒரு குற்றத்தாற் படிப்படியாகச் சரிந்து வீழ்வதைக் காணும்போது நம் நெஞ்சம் நடுங்குகின்றது. இரக்கமும் அச்சமும் ஒருசேர எழுகின்றன. இத்தகையோனையே மேனாட்டு நாடக நூலார் அவலத் தலைவன் எனக் கொண்டனர். நாடக மேடைக்கெனப் புனையப்பெற்ற அவலத் தலைவர் பலர் உளர். புனைவு சிறிதும் வேண்டாமல், வாழ்க்கையே அவல நாடகமாக நடந்து முடிந்த தலைவன் ஒருவன் உண்டெனில், அவன் பிரான்சு தேசத்துப் பேரரசனாக விளங்கிய நெப்போலியன் போனபார்ட்டே ஆவன்.

அவன் பேராசையால் அழிந்தான் என்று பள்ளிச் சிறுவரும் கூறுவர். அக்கூற்று மெய்யே, எனினும் முழு மெய்யன்று. ஆசையே குற்றமாயின், எளிய குடியிற் பிறந்த பிள்ளையை நோக்கி, நீ படித்து உயர வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் ஊக்குவதும் குற்றமாய் முடியுமன்றோ? உயர்வுள்ளம் எவ்விடத்தே பேராசையாகத் திரிகின்றது, திரிந்த பின் அதனைத் தடுக்கத்தக்கது யாது என்று ஆராய்தலே நம் குடும்பங்களுக்குப் பயன் தருவதாகும். அந்நோக்குடன் அவன் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

பிறப்பும் இளமையும்

நெப்போலியன் 1769-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், மத்தியதரைக் கடலிலுள்ள கார்சிகாத் தீவில், அஜாக்சியோ என்னும் ஊரிற் பிறந்தான். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அத்தீவு ஜெனோவாக் குடியரசின் கையினின்றும் பிரான்சுக்கு மாறியிருந்தது. தந்தையார் கார்லோ வழக்கறிஞர். தாயார் லெட்டீசியா மனவலி மிக்க மாதரசி. அவர்களுக்கு உயிரோடிருந்து வளர்ந்த மக்கள் எண்மர். அவருள் நெப்போலியன் இரண்டாமவன். குடிப்பெருமை உண்டு, அதற்கேற்ற பொருள் இல்லை. ஒன்பதாம் வயதில் அவன் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுப் பிரியென் என்னும் ஊரிலிருந்த இராணுவப் பள்ளியிற் சேர்ந்தான். பிரெஞ்சு அவன் தாய்மொழியன்று. அவன் உச்சரிப்பைக் கேட்டு உடன் பயின்ற செல்வச் சிறுவர் எள்ளி நகைத்தனர். அவனோ அவரோடு மல்லாடாமல் கணக்கு நூலிலும் வரலாற்று நூலிலும் ஆழ்ந்தான். பின்னர்ப் பாரிஸ் நகரத்து இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1785-ஆம் ஆண்டில், தன் பதினாறாம் வயதில், பீரங்கிப் படையில் இரண்டாம் லெப்டினன்டு ஆனான். தந்தையார் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டமையின், குடும்பப் பாரத்தில் ஒரு பகுதியும் அவ்விளைஞன் தோள்மேல் ஏறியது.

அக்காலத்துப் பிரான்சிற் படையின் உயர்பதவிகள் பெரும்பாலும் பிரபு குலத்தார்க்கே உரியனவாய் இருந்தன. 1789-ஆம் ஆண்டில் எழுந்த பெரும்புரட்சி அவ்வழக்கைத் தகர்த்தது. பிறப்பு நோக்காது தகுதி நோக்கும் காலம் பிறந்தது. நெப்போலியன் தகுதியோடு காத்திருந்தான். 1793-ஆம் ஆண்டில் தூலோன் துறைமுகம் ஆங்கிலக் கடற்படையின் வசமாயிற்று. பீரங்கிகளை எம்மேட்டில் நிறுத்தினால் துறைமுகம் முழுவதும் குண்டெல்லைக்குள் அடங்கும் என்று கணித்துரைத்து, அந்நகரை மீட்க வழி கண்டவன் அவனே. அதன் பயனாக இருபத்துநான்காம் வயதிற் சேனாபதிப் பதவி எய்தினான். 1796-ஆம் ஆண்டில் இத்தாலியப் படைக்குத் தலைமை பூண்டபோது, உணவும் உடையும் போதாது வாடியிருந்த அப்படையைக்கொண்டே ஆஸ்திரியப் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்தான். அடுத்த ஆண்டில் ஆஸ்திரியா உடன்படிக்கைக்கு இணங்கிற்று. இதுகாறும் அவன்பால் நாம் கண்டது உழைப்பாற் பெற்ற உயர்வேயன்றி வேறன்று.

எகிப்தும் நம் நாடும்

1798-ஆம் ஆண்டில் அவன் எகிப்தின்மேற் படையெடுத்தான். ஆங்கிலேயர் இந்தியாவோடு கொண்ட தொடர்பை அறுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆகஸ்டு மாதம் 1-ஆம் நாள் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் நெல்சன் பிரெஞ்சுக் கப்பல்களை அழித்துவிட, நெப்போலியன் படையோடு எகிப்திற் சிறைப்பட்டவன் போலானான். 1799-ஆம் ஆண்டு ஜனவரியில், மைசூர் வேந்தராகிய திப்பு சுல்தானுக்கு நட்புக் கடிதம் ஒன்று எழுதினான். அஃது இடைவழியில் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்து திப்புவும் மாண்டார். அம்முற்றுகையிற் பங்குகொண்ட ஆங்கிலப் படைத்தலைவருள் ஆர்தர் வெல்லெஸ்லி என்பவன் ஒருவன். அவன் பெயரை நினைவிற் கொள்க. பின்னர் அவனை மீண்டும் காண்போம்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நெப்போலியன் தன் படையை எகிப்திலேயே விட்டுவிட்டுச் சிலரோடு கப்பலேறிப் பிரான்சு திரும்பினான். விடப்பட்ட படை 1801-ஆம் ஆண்டிற் சரணடைந்தது. தன்னை நம்பி வந்தோரைத் துன்பத்தில் நிறுத்தித் தன் உயர்வை நாடிச் செல்லும் இயல்பின் முதற்குறி இது. எனினும், அன்று பிரான்சில் அதனைக் குற்றமென்று கூறியவர் சிலரே. வென்றவனுடைய குற்றம் உலகோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

கேட்டு ஆண்ட காலம்

1799-ஆம் ஆண்டு நவம்பரில் அவன் படைவலியால் ஆட்சியைக் கைப்பற்றி முதற் கான்சல் ஆனான். அடுத்த ஐந்தாண்டுகள் அவன் வாழ்விற் சிறந்தவை எனலாம். புரட்சியாற் சிதறிய நாட்டில் ஒழுங்கு திரும்பியது. 1800-இல் பிரான்சு பாங்கி நிறுவப்பட்டது. 1801-இல் போப்பாண்டவரோடு உடன்பாடு ஏற்பட்டுச் சமயப் பிணக்குத் தணிந்தது. 1802-இல் லிசே என்னும் உயர்தரப் பள்ளிகள் தோன்றின. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தோடும் சமாதானம் உண்டாயிற்று. 1804-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் சிவில் சட்டத் தொகுப்பு வெளியாயிற்று.

அச்சட்டம் இயற்றப்பட்ட முறை நம் கருத்துக்கு உரியது. இடத்துக்கு இடம் வேறுபட்ட பழைய வழக்கங்களை ஒருமுகப்படுத்தும்பொருட்டு, போர்த்தாலி, திரோன்ஷே முதலிய சட்ட வல்லுநர் நால்வர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் வரைந்ததை அரசாங்கச் சபையார் பிரிவு பிரிவாக ஆய்ந்தனர். ஆய்வுக் கூட்டங்களில் ஏறத்தாழப் பாதிக்கு நெப்போலியனே தலைமை தாங்கினான். முதியோரும் நூலறிஞரும் அவன் கருத்தை மறுத்தனர்; அவனும் அவரை மறுத்தான்; நள்ளிரவு கடந்தும் வாதம் நீண்டதுண்டு. மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படுத்தியமையின் அச்சட்டம் பெண்டிர்க்கு நீதி செய்யவில்லை. ஆயினும், சட்டத்தின்முன் ஆடவர் யாவரும் ஒருநிகர் என்னும் கொள்கையை அது நிலைநாட்டிற்று. அப்போர்வீரன் பிறர் மறுப்பைப் பொறுத்துக் கேட்டு முடித்த பணி இதுவாகும்.

இடித்துரைப்பார் ஒழிதல்

ஆனால், சபையறைக்குள் வாதத்தை விரும்பிய அவன், வெளியே தன்னைத் தடுப்பார் ஒருவரும் இருத்தலாகாது எனக் கருதினான். இவ்விடத்தேதான் உயர்வுள்ளம் பேராசையாகத் திரிந்தது. 1800-ஆம் ஆண்டு ஜனவரியில், பாரிஸ் நகரத்துப் பத்திரிகைகளில் அறுபதை ஒரே ஆணையால் நிறுத்தினான். 1811-இல் எஞ்சியவை நான்கே. மசோதாக்களை ஆராய்ந்து வாதிட்டு வந்த டிரிபுனேட் என்னும் சபையினின்றும் தன்னை எதிர்த்தோரை 1802-இல் நீக்கினான். 1807-இல் அச்சபையையே எடுத்துவிட்டான். 1802-இல் வாழ்நாட் கான்சல் ஆனான். அவ்வாண்டிலேயே, புரட்சி அரசாங்கம் ஒழித்திருந்த அடிமை முறையைப் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் மீண்டும் நிலைநிறுத்தும் சட்டம் பிறந்தது. 1804-இல், அயல்நாட்டில் வாழ்ந்த ஆங்கியேன் கோமகனைப் பிடித்துவரச் செய்து, இரவோடிரவாக விசாரணை என்று ஒன்றை நடத்திச் சுட்டுக்கொல்வித்தான். அச்செயல் நிகழ்ந்த நாளும் சிவில் சட்டம் வெளியான நாளும் ஒன்றே என்பது நினைத்தற்குரியது. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள், போப்பாண்டவர் அருகிருக்க, மணிமுடியைத் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையிற் சூட்டிப் பேரரசனானான்.

இதன் பின் வெற்றிமேல் வெற்றி விளைந்தது. 1805-இல் டிராபால்கர்க் கடற்போரிற் கடலாட்சியை இழந்தானாயினும், அவ்வாண்டே ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ஆஸ்திரிய, ருஷியப் பேரரசர் இருவர் படைகளையும் ஒருங்கே வென்றான். 1806-இல் ஜெனாவிற் பிரஷியா வீழ்ந்தது. 1807-இல் டில்சிட் என்னுமிடத்தில் ருஷிய மன்னன் அலெக்சாந்தர் அவனோடு உடன்படிக்கை செய்துகொண்டான். தமையன் ஜோசப்பும், தம்பியர் லூயியும் ஜெரோமும், தங்கை கணவன் மூராவும் அரசராக்கப்பட்டனர்.

அப்போது வெளிநாட்டு மந்திரியாயிருந்தவன் தாலேரான். அவன் தூயவன் அல்லன். கைக்கூலிக்குப் பெயர் போனவன். எனினும், தோற்ற நாட்டை அளவுக்குமேல் நசுக்கினால் பகை ஆறாது என்னும் அரசியல் உண்மையை அறிந்தவன். ஆஸ்திரியாவிடம் தணிவு காட்டுக என்று அவன் சொன்னது ஏறவில்லை. 1807-இல் அவன் பதவியை விட்டு நீங்கினான். அவனுக்குப் பின் அவ்விடத்தில் அமர்ந்தோர் ஆணையை நிறைவேற்றுவோரேயன்றி அறிவுரை கூறுவோர் அல்லர்.

சரிவு

கடலில் வெல்ல முடியாத இங்கிலாந்தை வாணிகத்தால் வாட்ட எண்ணி, ஐரோப்பியத் துறைமுகங்கள் யாவும் ஆங்கிலச் சரக்குக்கு மூடப்படவேண்டும் என்று 1806-இல் ஆணை பிறப்பித்தான். ஒரு துறைமுகம் திறந்திருப்பினும் அவ்வாணை பயனற்றதாகும். ஆதலின், ஓர் ஆசையை நிறைவேற்ற மற்றொரு நாட்டையும், அதனைக் காக்க வேறொரு நாட்டையும் பற்றவேண்டியதாயிற்று. போர்ச்சுகலிற் படை புகுந்தது. 1808-இல் ஸ்பெயின் அரியணையை வஞ்சகத்தாற் பறித்து ஜோசப்புக்கு அளித்தான். ஸ்பானியக் குடிமக்கள் மலையிலும் தெருவிலும் ஆயுதமேந்தி எழுந்தனர். ஆறாண்டுக் காலம் ஆறாப் புண்ணாய் இருந்து அப்போர் அவன் படையை அரித்தது. ஆங்குப் போர்ச்சுகீசியரோடும் ஸ்பானியரோடும் சேர்ந்து பொருத ஆங்கிலத் தளபதி, முன்னர் நாம் ஸ்ரீரங்கப்பட்டணத்திற் கண்ட ஆர்தர் வெல்லெஸ்லியே. பின்னர் அவன் வெல்லிங்டன் கோமகன் எனப் பெயர் பெற்றான்.

ருஷியாவும் 1810-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாணிகத் தடையினின்றும் விலகிற்று. நெப்போலியன் போருக்குச் சித்தமானான். ருஷியத் தலைநகரில் நான்காண்டு தூதனாய் இருந்த கோலேங்கூர் என்பவன், 1811-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திரும்பி வந்து, பேரரசனைத் தனியே கண்டு பல மணிநேரம் பேசினான். அலெக்சாந்தர் எளிதிற் பணியான். பின்வாங்கிப் பின்வாங்கி உள்ளிழுப்பான். அந்நாட்டின் பரப்பும் குளிரும் அவனுக்குப் படைகளாகும் என்று எடுத்துரைத்தான். இதனினும் தெளிவாக ஒருவன் தன் தலைவனை எச்சரிக்க முடியாது. நெப்போலியனோ அவன் ருஷியருக்குப் பரிந்து பேசுவதாகக் கருதினான். நன்மை கூறுவோனைப் பகைவன் பக்கத்தவன் என்று எண்ணும் நிலை வந்துவிடின், ஒருவனுக்குக் கேடு தொலைவில் இல்லை.

1812-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பெரும்படை நீமன் ஆற்றைக் கடந்தது. துணைப்படைகளும் பின்வந்தனவும் சேர்த்து எண்ணின் ஆறு லட்சத்துக்கு மேற்படும். செப்டம்பர் 7-ஆம் நாள் போரோடினோப் போரில் இருபுறத்தும் பல்லாயிரவர் மாண்டனர். 14-ஆம் நாள் மாஸ்கோவுட் புகுந்தான்; நகரம் வெறுமையாய்க் கிடந்தது; விரைவில் தீப்பற்றி எரிந்தது. சமாதானம் வேண்டி அலெக்சாந்தர் ஆள் விடுவான் என்று ஐந்து வாரம் காத்திருந்தான், ஒருவரும் வந்திலர். அக்டோபர் 19-ஆம் நாள் திரும்பப் புறப்பட்டான். பசியும் பனியும் பகைவர் குதிரைப்படையும் வழிநெடுகத் தொடர்ந்தன. பெரெசினா ஆற்றைக் கடக்கையில் மாண்டவர் தொகை மிகப் பெரிது. டிசம்பர் 5-ஆம் நாள், எகிப்திற் செய்தவாறே, எஞ்சிய படையை விட்டுப் பாரிசுக்கு விரைந்தான். அப்பயணத்தில் அவனோடு ஒரே வண்டியில் அமர்ந்து சென்றவன் கோலேங்கூரே. அவன் உரைத்தவையெல்லாம் பலித்திருந்தன.

மீளும் வழிகள்

இவ்வளவின் பின்னரும் அவனுக்கு மீளும் வழி அடைபடவில்லை என்பதே இச்சரிதத்தின் பேரவலம். 1813-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், டிரெஸ்டன் நகரில் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக் அவனைக் கண்டு, வென்ற நாடுகளுட் சிலவற்றை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளுமாறு நெடுநேரம் வேண்டினான். நெப்போலியன் இணங்கவில்லை, ஆஸ்திரியாவும் பகைவரோடு சேர்ந்தது. அக்டோபரில் லீப்சிக் களத்திற் பெருந்தோல்வி நேர்ந்தது. நவம்பரில் நேச நாடுகள் பிராங்பர்ட்டிலிருந்து மீண்டும் செய்தி விடுத்தன: ரைன் ஆறும் ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைகளும் எல்லையாகப் பிரான்சை அவன் ஆளலாம் என்பது அச்செய்தி. முதலிற் பிடிகொடாமல் நாள் கடத்தினான். இசைவு சென்றபோது காலம் கடந்துவிட்டது. டிசம்பர் இறுதியில், இதுகாறும் வாய்மூடியிருந்த சட்டசபையாரும், லேனே என்பவன் வரைந்த அறிக்கை வாயிலாகச் சமாதானத்தையும் குடிகளின் உரிமையையும் வேண்டினர். அவ்வறிக்கையை அச்சிடாது தடுத்துச் சபையையும் ஒத்திவைத்தான். ஊமையாக்கப்பட்ட சபை ஒருநாள் வாய்திறந்தபோதும் அவன் செவி திறக்கவில்லை.

1814-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிற் பாரிஸ் வீழ்ந்தது. தாலேரானே முன்னின்று, செனட் சபையைக்கொண்டு அவனைப் பதவிநீக்கம் செய்வித்தான். அவன் உயர்த்திவிட்ட மார்ஷல்களே இனிப் போர் செய்யோம் என்றனர். முடி துறந்து எல்பாத் தீவுக்குச் சென்றான். 1815-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் மீண்டும் பிரான்சில் வந்திறங்கி, இருபது நாளிற் பாரிசை அடைந்தான். ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில் வெல்லிங்டனும் பிரஷியத் தளபதி புளூக்கரும் அவனை முற்றாக முறியடித்தனர். ஆங்கிலேயர் அவனைத் தென் அட்லாண்டிக் கடலின் நடுவே, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரியதாயிருந்த செயின்ட் ஹெலினாத் தீவிற் சிறைவைத்தனர். மனைவியும் மகனும் அருகில் இல்லை. 1821-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், ஐம்பத்தோராம் வயதில், ஆங்கேயே உயிர் நீத்தான். அவன் உடல் 1840-இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டது.

அறியத்தக்கது

அன்பர்களே, இச்சரிதத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? ஆசையை வேரோடு களைக என்பதன்று. ஆசையின்றேல் அவன் அஜாக்சியோவில் எளிய வழக்கறிஞன் ஒருவன் மகனாகவே இருந்து மறைந்திருப்பான். அவன் நாட்டியவற்றுள் எது நின்றது, எது வீழ்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். உடன்பிறந்தார்க்கு அளித்த அரியணைகளில் ஒன்றேனும் அவனாட்சிக்குப் பின் அவர்கள் வசம் நிலைக்கவில்லை. வென்ற நாடுகள் அனைத்தும் கைவிட்டுப் போயின. இவை, தடுப்பார் இன்றித் தன் விருப்பம் ஒன்றையே துணையாகக்கொண்டு அவன் செய்தவை. பிறர் மறுக்க, மறுத்தலைக் கேட்டுத் திருத்தி இயற்றிய சிவில் சட்டமோ, பலமுறை மாற்றமெய்தியும் இன்றளவும் பிரான்சில் வழங்குகின்றது. பிற நாட்டுச் சட்டங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. மனிதன் ஒருவனே, ஆற்றலும் ஒன்றே. இடித்துரைப்பார் இருந்தவிடத்து அவ்வாற்றல் கட்டியது. அவர் ஒழிந்தவிடத்து அழித்தது.

திருவள்ளுவனார் அரசியலிற் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்தமையின் நுட்பம் இதனால் விளங்கும். அஃது அரசர்க்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள் உயர்ந்த பதவி எய்துக. பொருளும் புகழும் ஈட்டுக. ஆனால், தவறுமிடத்து அஞ்சாது எடுத்துக்கூறும் நண்பன் ஒருவனையேனும், முதியவர் ஒருவரையேனும் இழவாதிருக்க அவர்களைப் பழக்குக. வீட்டில் தந்தையின் சொல்லுக்கு மறுமொழி கூறும் மகனையும் மனைவியையும் வாயடைத்துப் பழகிய குடும்பத்தில், அப்பழக்கத்தைப் பிள்ளை எங்கே கற்பான்? பணிவோடு மறுத்துரைக்கும் உரிமை வீட்டிலும் சபையிலும் காக்கப்படுக. அதுவே ஊக்கமுடைய பிள்ளைக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய சிறந்த அரண் என்று துணிகின்றோம்.